கழற்ற முடிந்ததெல்லாம் பிழைத்தது

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியோடு சேர்த்து இலவச மடிக்கணினியையும் அன்றைய முதல்வர் ஜெயலலிதா கொடுக்கத் தொடங்கினார். சரியாக இருபது நாள் கழித்து, அக்டோபர் 5ஆம் தேதி, டெல்லியில் மத்திய அமைச்சர் கபில் சிபல் ‘ஆகாஷ்’ என்ற கைக்கணினியை வெளியிட்டார். உலகத்திலேயே விலை குறைந்த டேப்லெட் என்றார்கள். அரசுக்கு அதன் அடக்கவிலை ஏறக்குறைய 2,250 ரூபாய். டீக்கடையில் பேப்பர் படித்தவர்களுக்கு ஆகாஷ்தான் அதிசயமாகப் பட்டது. மடிக்கணினியைப் பற்றிக் கேட்டால், “ஓசியில குடுக்கறது எத்தனை நாளைக்கு ஓடும்?” என்றார்கள்.

கேள்வி நல்ல கேள்விதான். அதற்குப் பதில் தெரிய சர்வீஸ் மேசையில் பத்துப் பன்னிரண்டு வருஷம் உட்கார வேண்டியிருந்தது.

இதை எழுதுபவன் அந்த நாட்களில் கோவில்பட்டியில், எட்டயபுரம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், செல்போனும் கம்ப்யூட்டரும் பழுது பார்க்கும் கடையில் வேலை பார்த்தான். ‘நான் நான்’ என்று எழுதக் கூச்சமாக இருப்பதால் ‘இவன்’ என்றே போகட்டும். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் வாசலில் நிற்க வேண்டிய கடை. மேசைமேல் பச்சை ரப்பர் விரிப்பு, சால்டரிங் அயன், ஹாட் ஏர், மல்ட்டிமீட்டர், தின்னர் பாட்டில், தேய்ந்துபோன பல் பிரஷ். முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றது. இவனும் அப்படியே கூப்பிட்டான். அண்ணாச்சி தொழில் கற்றது சென்னை அண்ணா சாலைக்குப் பக்கத்திலுள்ள ரிச்சி தெருவில். சாமான் வாங்க அங்கேதான் போவார். ராத்திரி பஸ் ஏறிப் போய், மறுநாள் ராத்திரி பஸ்ஸில் இரண்டு கட்டைப்பையோடு திரும்புவார்.

மலிவான போன் என்றால் அப்போது நோக்கியா. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் அவர்கள் ஆலை தொடங்கியதிலிருந்து அது பாதி தமிழ்நாட்டு போனாகவே ஆகிவிட்டிருந்தது. 2003இல் வந்த 1100 மாடல் உலகம் முழுக்க 25 கோடி எண்ணிக்கையில் விற்றது. தலையில் டார்ச் லைட், தூசி போகாத ரப்பர் கீபேட். அந்த போனைக் கழற்ற ஆறு முனை ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும். ஸ்பீக்கர், மைக், டிஸ்ப்ளே என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கையில் வரும். ஒன்றை எடுத்து இன்னொன்றை அழுத்தினால் வேலை முடிந்தது. அதில் போட்ட பிஎல்-5சி என்ற பேட்டரிக்கு இன்னும் சாவு வரவில்லை. ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014 நவம்பர் 1ஆம் தேதியோடு நின்றுபோனது. அந்த பேட்டரி மட்டும் இன்றைக்கும் பாக்கெட் எஃப்எம் ரேடியோவிலும் சின்ன ஸ்பீக்கர் பெட்டியிலும் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறது. ஒரே அளவில் கோடிக்கணக்கில் செய்துவிட்டால் ஒரு பொருள் தன் கம்பெனியையே தாண்டி வாழும் என்று அண்ணாச்சி அடிக்கடி சொல்வார். அப்போது இவனுக்கு அது வியாபாரப் பேச்சாகத்தான் காதில் விழுந்தது.

கம்ப்யூட்டரில் மலிவு என்ற பேச்சு தொடங்கியது வேறு இடத்தில். எம்ஐடியின் நிக்கோலஸ் நெக்ரோபான்டே 2005இல் ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ என்று 100 டாலர் கணக்கு சொன்னார். 2007இல் பொருள் வெளிவந்தபோது விலை 200 டாலரை நெருங்கிவிட்டது. அதற்கும் முன்பே, 2001 வாக்கில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிலர் ‘சிம்ப்யூட்டர்’ செய்து காட்டியிருந்தார்கள். சந்தையில் அது நிற்கவில்லை. சாதாரண ஆள் காசு கொடுத்து வாங்கிய முதல் குட்டிக் கணினி என்றால் தைவானின் ஏசுஸ் 2007இல் விட்ட ஈ பிசிதான். ஏழு அங்குலத் திரை, 512 எம்பி ராம், நான்கு ஜிபி சேமிப்பு, உள்ளே லினக்ஸ். அதைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் ‘நெட்புக்’ என்று வரிசைகட்டின. கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் அப்படி ஒன்றை ஜோல்னாப் பையில் போட்டுக் கடைக்கு எடுத்துவருவார். ரிப்பேர் ஒன்றும் இருக்காது, காட்டத்தான் வருவார். கையகல மெஷினில் முழுக் கம்ப்யூட்டர் ஓடுவதைப் பார்க்க அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் கூடுவார்கள். ஆனால் எழுத்தைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டும், விண்டோஸ் போட்டால் மூச்சு வாங்கும். 2010இல் ஐபேட் வந்தது, பின்னாலேயே பெரிய திரை போன்கள் வந்தன. 2012 முடிவதற்குள் நெட்புக் கதையும் முடிந்தது.

இதெல்லாம் காசு இருப்பவர்கள் கதை. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற அம்மாவின் மகளுக்குக் கம்ப்யூட்டர் என்றால் பள்ளிக்கூட லேபில் நாலு பேரோடு பங்கு, இல்லாவிட்டால் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய். அந்த வீட்டுக்குள் 14 அங்குலத் திரையோடு ஒரு மெஷின் வந்து நின்றபோது நடந்ததை வெளியிலிருந்து கிண்டலடித்தவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். முதல் வருஷம் ஆயுதபூஜை முடிந்த வாரம் கடைக்கு வந்த லேப்டாப்புகளில் பல, மூடியில் சந்தனப் பொட்டோடு வந்தன. ஒன்றில் கீபோர்டு இடுக்கில் குங்குமம் இறங்கி ‘எஸ்’ பட்டன் அழுந்தவில்லை. இவன் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தான். கூட வந்த பாட்டி, “சாமி கும்பிட்டது தம்பி, கீழ கொட்டாதீங்க” என்று ஒரு தாளை நீட்டினார்.

மெஷின் என்னமோ சாதாரணமானதுதான். 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். மூடியில் முதல்வர் படம். உள்ளே ஒரு பக்கம் விண்டோஸ், மறுபக்கம் சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ். எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு வாங்கியதால் வருஷத்துக்கு ஒரு செட் என்று லெனோவோ, ஏசர், எச்சிஎல் என மாறி மாறி வரும். முதல் வருஷ இலக்கே 9 லட்சத்துக்கும் மேல். திட்டம் ஓடிய காலம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் 50 லட்சத்தைத் தாண்டும். ஒரே மாநிலத்தில், ஏறக்குறைய ஒரே அச்சில், இத்தனை மெஷின்! இந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

வந்த பையன்கள் கேட்ட முதல் வேலை ரிப்பேர் அல்ல. “அண்ணே, இந்த பாஸை எடுத்துட்டு முழுசா விண்டோஸ் போட்டுக் குடுங்க.” லினக்ஸில் விளையாட்டு ஓடாது, பாட்டு ஏற்றத் தெரியாது என்பது அவர்கள் புகார். இரண்டாவது வேலை பென்டிரைவ் வைரஸ். ஒருவன் பென்டிரைவில் படம் கொண்டுவருவான்; அது தெரு முழுக்கச் சுற்றும்; எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறி நிற்கும். பரீட்சைக்கு முந்தின வாரம் இந்தக் கூட்டம் தாங்காது.

உண்மையான பழுதுகள் இரண்டாம் வருஷம்தான் தலைகாட்டின. சார்ஜர் குத்தும் பின் ஆடிப்போகும். கட்டிலில் மெத்தைமேல் வைத்துப் படம் பார்ப்பதால் காற்று போகும் வழி அடைபட்டு, ஃபேனில் பஞ்சு சுற்றி, மெஷின் சூடாகித் தானே ஆஃப் ஆகும். மூடியை ஒரு கையால் ஓரத்தைப் பிடித்தே திறப்பதால் கீல் இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் பிளந்து, உள்ளே பதித்திருக்கும் பித்தளை நட்டு பெயர்ந்து வரும். இதற்கு ரிச்சி தெரு வைத்தியம் ஒன்று உண்டு. பெயர்ந்த நட்டை அதே குழியில் வைத்து, சுற்றிலும் ஃபெவிக்விக் விட்டு, உடனே சமையல் சோடாவைத் தூவ வேண்டும். புஸ்ஸென்று லேசாகப் புகையும். அடுத்த நொடி இறுகிவிடும். அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தி ஸ்க்ரூவை முடுக்கினால் மூடி இன்னும் இரண்டு மூன்று வருஷம் தாங்கும். கம்பெனி சர்வீஸ் புத்தகத்தில் இந்த வைத்தியம் எந்தப் பக்கத்திலும் இருக்காது.

அப்போதுதான் அண்ணாச்சி சொன்ன வியாபாரப் பேச்சு புரியத் தொடங்கியது. ஊரில் டாக்டர் ஒருவர் ஐம்பதாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய லேப்டாப்புக்குக் கீபோர்டு வேண்டுமென்றால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சில சமயம் வராமலே போகும். கவர்மென்ட் லேப்டாப் கீபோர்டு என்றால் அண்ணாச்சியின் கட்டைப்பையில் எப்போதும் நாலைந்து கிடக்கும். ரிச்சி தெருவில் மாடல் எண்ணெல்லாம் யாரும் கேட்பதில்லை. “கவர்மென்டா? எந்த வருச செட்டு? லெனோவோவா, ஏசரா?” அவ்வளவுதான். ஒன்று ஒரேயடியாக இறந்துபோனால் அதன் திரை இன்னொன்றுக்கு, அதன் ஃபேன் வேறொன்றுக்கு. தமிழ்நாட்டில் எந்தச் சின்ன ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கழற்றிப் பூட்டுவான். லட்சக்கணக்கில் ஒரே மாதிரி இருந்ததுதான் அந்த மெஷினின் ஆயுள். கம்பெனிகள் தரமாகச் செய்தார்கள் என்று சொல்ல இவனுக்கு மனசு வரவில்லை; சுமாராகத்தான் செய்தார்கள். ஆனால் கழற்றும்படி செய்திருந்தார்கள்.

பேட்டரியை எடுத்துக்கொள்வோம். லேப்டாப்பைக் கவிழ்த்து, இரண்டு தாழ்ப்பாளை விரலால் தள்ளினால் பேட்டரி தனியாக வந்துவிடும். ஆயிரம் ரூபாயை ஒட்டிக் காப்பி பேட்டரி கிடைக்கும், வீட்டிலேயே மாட்டிக்கொள்ளலாம். அந்தப் பேக்கை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஆறு செல். ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம்; அதனால்தான் 18650 என்று பெயர். இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று ஜோடி, நிக்கல் பட்டையால் இணைத்திருக்கும். பேட்டரி போய்விட்டது என்று கொண்டுவரும் பேக்கில் மல்ட்டிமீட்டரை வைத்தால், பெரும்பாலும் இரண்டு ஜோடி 3.7 வோல்ட்டை ஒட்டி நல்லபடியாகவே இருக்கும். ஒரு ஜோடி மட்டும் ஒரு வோல்ட்டுக்குக் கீழே விழுந்து மற்றதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கும். அந்த ஜோடியை மட்டும் மாற்றினால் போதாதா என்று தோன்றும். தோன்றுவது நியாயம்தான், ஆனால் பேக்கில் ஒரு சின்ன போர்டு இருக்கிறது. செல்லைக் கழற்றும் நேரத்தில் அதற்கு மின்சாரம் அறுந்தால் சில பேக்குகளில் அந்தச் சிப் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். புது செல் போட்டாலும் சார்ஜ் ஏறாது. இடுக்கி ஒன்று தவறிப் பட்டால் தீப்பொறியும் பறக்கும். வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

லித்தியம் அயன் செல்லின் ஆயுள் கம்பெனிக்காரர்களே சொல்கிற கணக்குதான்: முழுசாக ஏற்றி இறக்கினால் 300 முதல் 500 தடவை, அதற்குப் பிறகு கொள்ளளவு 80 சதவீத அளவுக்கு இறங்கிவிடும். சூடும், எப்போதும் நூறு சதவீதத்திலேயே நிற்பதும் அதை இன்னும் சீக்கிரம் கிழடாக்கும். கரிசல் காட்டு வெயிலில், ஓட்டு வீட்டில், நாள் முழுக்கச் சார்ஜரில் கிடக்கும் மெஷினுக்கு மூன்று வருஷமே பெரிசு. விலை எத்தனை லட்சமானாலும் இந்தக் கணக்கு அதிகம் மாறாது. மாற்ற முடிகிறதா என்பதில்தான் வித்தியாசம்.

இதைவிடச் சின்ன பேட்டரி ஒன்றும் உண்டு. மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு அளவில் உட்கார்ந்திருக்கும் சிஆர்2032. கரண்ட் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். ஐந்தாறு வருஷத்தில் அது தீர்ந்துபோகும். மெஷினை ஆன் செய்தால் தேதி எங்கோ பின்னால் போய் நிற்கும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு அல்லவா? மெஷின் பத்து வருஷம் பின்னால் இருந்தால் எல்லாச் சான்றிதழும் அதற்குப் பொய்யாகத் தெரியும். எந்தத் தளமும் திறக்காது. “நெட்டு இருக்கு, ஆனா ஒண்ணுமே ஓப்பன் ஆகல, மெஷின் காலியாகிருச்சு போல” என்று முகம் வாடி வருவார்கள். முப்பது ரூபாய்க் காசு செல் ஒன்று போட்டுத் தேதியைச் சரிசெய்தால் எல்லாம் திறக்கும். காசு வாங்கவே கூச்சமாக இருக்கும் வேலை.

அந்த ஆகாஷ் என்ன ஆனது? 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்பி ராம், விரலால் அழுத்தினால்தான் கேட்கும் திரை, மூன்று மணி நேரத்துக்குள் தீரும் பேட்டரி. வகுப்பறை வரைக்கும் அது போய்ச் சேரவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கோவில்பட்டிக் கடைக்கு ஒன்றுகூட வந்ததில்லை. வந்ததெல்லாம் அதே அச்சில் சீனாவிலிருந்து இறங்கிய ஏழு அங்குல டேப்லெட்டுகள். மூவாயிரம், நாலாயிரம் ரூபாய்; பிறந்தநாளுக்குப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். திரை உடைந்து வரும். பின்பக்கம் ஒரு ஸ்க்ரூகூட இருக்காது; கிளிப்பை நெம்பித் திறக்க வேண்டும். தொடுதிரையின் பட்டை வயரில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். அதே பெயர், அதே பெட்டி, அதே நிறத்தில் இரண்டு டேப்லெட் வந்தாலும் எண் வேறுவேறாக இருக்கும். ரிச்சி தெருவில் அந்த எண்ணைக் காட்டினால் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். இங்கேயும் மலிவுதான், ஆனால் ஒன்றைப்போல ஒன்று இல்லை. எத்தனையோ டேப்லெட் கடையின் பரணில் சாக்குப்பைக்குள் போய்ச் சேர்ந்தது. வாங்கிய ஆள் திரும்பக் கேட்டு வந்ததும் இல்லை.

2015, 16இல் பத்தாயிரம் ரூபாயை ஒட்டிப் புது லேப்டாப்புகள் கடைக்கு வந்தன. பார்க்க அழகு. மெல்லிசு, ஃபேன் சத்தம் இல்லை, எடையும் இல்லை. உள்ளே 2 ஜிபி ராம், 32 ஜிபி சேமிப்பு. இரண்டும் மதர்போர்டிலேயே சால்டர் அடித்தவை. விண்டோஸ் 10 தனக்கே பாதிக்கு மேல் இடம் பிடித்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒரு பெரிய அப்டேட் வரும். அதை இறக்கி விரிக்க மீதி இடம் போதாது. இடமில்லை என்று பாதியில் நிற்கும், மறுநாள் மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். பாலிடெக்னிக் பையன் ஒருவன் தன் புராஜெக்ட் ஃபைலைத் தவிர எல்லாவற்றையும் அழித்துவிட்டு வந்தான். அப்போதும் சி டிரைவ் சிவப்பாகவே இருந்தது. “ஹார்ட் டிஸ்க் மாத்திக் குடுங்கண்ணே” என்றான். மாற்றுவதற்கு அங்கே ஹார்ட் டிஸ்க் இருந்தால்தானே? அவன் அக்கா 2012இல் வாங்கிய அரசு லேப்டாப் வீட்டில் கிடந்தது. இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் டிஸ்க், பக்கத்திலேயே ராம் ஸ்லாட். அவன் புராஜெக்ட்டை முடித்தது அக்கா மெஷினில்தான்.

இதற்குள் போன் கதை வேறு திசைக்குப் போய்விட்டது. 2014 செப்டம்பர் 15 (மறுபடி அதே தேதி!) கூகுள் இந்தியாவில் ‘ஆண்ட்ராய்டு ஒன்’ போன்களை அறிமுகம் செய்தது. மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் என மூன்று கம்பெனி. தொடக்க விலை 6,399. அதே மாதம் ஷியோமியின் ரெட்மி 1எஸ் 5,999 ரூபாய்க்கு வந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு இணையத்தில் திறப்பார்கள், நொடிக்கணக்கில் தீர்ந்துவிடும். கடையில் பிராட்பேண்ட் இருந்ததால் பையன்கள் ஒன்றரை மணிக்கே வந்து உட்காருவார்கள். ஒரு மெஷினில் ஒருவன், இன்னொன்றில் அவன் சித்தப்பா பெயரில் இன்னொருவன். கிடைத்தவன் அண்ணாச்சிக்கு டீ வாங்கிக் கொடுப்பான். கிடைக்காதவன் அடுத்த செவ்வாய்க்கிழமையும் வருவான். ஆறாயிரம் ரூபாய்க்குள், பதினைந்தாயிரம் ரூபாய் போனில் இருப்பதெல்லாம் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் போன் இல்லாத வீடே இல்லை என்றாகிவிட்டது.

அந்த முதல் தலைமுறை போன்களில் பின்மூடியை நகத்தால் நெம்பிப் பேட்டரியை எடுக்கலாம். இரண்டே வருஷத்தில் அது போய்விட்டது. உடம்பு மெல்லிசாக வேண்டும், தண்ணீர் போகக் கூடாது, பேட்டரி பெரிதாக வேண்டும் என்று சொல்லி எல்லாவற்றையும் பசையால் ஒட்டினார்கள். சொன்ன காரணங்களில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சர்வீஸ் மேசையில் அதன் பலன் வேறு. திரையைச் சூட்டுத் தட்டில் வைத்து, பசை இளகியதும் பிளாஸ்டிக் தகடால் ஓரம் ஓரமாகக் கிளப்ப வேண்டும். கண்ணாடியும் டிஸ்ப்ளேயும் டச்சும் ஒன்றாக ஒட்டியது. கண்ணாடி மட்டும் கீறினாலும் ‘காம்போ’வையே மாற்ற வேண்டும். எட்டாயிரம் ரூபாய் போனுக்குக் காம்போ மூவாயிரத்தைத் தொடும். விலையைக் கேட்டதும் வந்தவர் போனை ஒருமுறை திருப்பிப் பார்ப்பார். “கூட அஞ்சாயிரம் போட்டா புதுசே வாங்கிரலாமே தம்பி?” என்பார். கணக்கு சரி. மலிவு போன் பெரும்பாலும் பழுதால் சாவதில்லை. புதுசின் விலையைப் பார்த்துச் சாகிறது.

இன்னொரு சாவு உண்டு. அதில் ஒரு கீறல்கூட இருக்காது. 2021 நவம்பர் 1ஆம் தேதியோடு ஆண்ட்ராய்டு 4.1க்கு முந்திய போன்களுக்கு வாட்ஸ்அப் ஆதரவு நின்றது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், உறைபோட்டு, கீழே விழாமல், கண்ணாடியில் கோடு விழாமல் வைத்திருந்த போனோடு வந்தார். துபாய் மகன் அனுப்பும் பேத்தி படம் வரவில்லை. “போன் நல்லாத்தானே இருக்கு?” என்றார். நன்றாகத்தான் இருந்தது. போனைச் செய்த கம்பெனி வெகுநாளைக்கு முன்பே அதற்குப் புது ஆண்ட்ராய்டு கொடுப்பதை நிறுத்திவிட்டிருந்தது. சால்டரிங் அயனுக்கு அங்கே வேலை இல்லை.

2020 ஊரடங்கு வந்தது. ஜூன் மாதத்திலிருந்து ஆன்லைன் வகுப்பு. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு வெளியே போய்விடும். அப்போதுதான் பீரோ மேலேயும் நெல் குதிருக்குப் பக்கத்திலும் கிடந்த 2012, 2013 செட்டுகள் தூசி தட்டிக் கடைக்கு வந்தன. அக்கா கல்யாணமாகிப் போயிருப்பாள். அவள் லேப்டாப் தம்பிக்கு. பேட்டரி முழுக்கப் போயிருக்கும். பரவாயில்லை, சார்ஜரில் ஓடும். சுற்றும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போட்டால், கிட்டத்தட்ட இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடியும். ராம் ஸ்லாட்டில் இன்னொரு 2 ஜிபி. மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டு எழுந்த மெஷின் அரை நிமிடத்தில் எழுந்துவிடும். அந்த மாதங்களில் கடைக்கு வந்த வேலையில் பெரும்பங்கு இதுதான். வாரண்டி முடிந்து வெகுகாலம் ஆன, ஓசியில் கொடுத்தது என்று கேலி பேசப்பட்ட மெஷின் ஒன்றில்தான் பல வீடுகளில் பள்ளிக்கூடமே நடந்தது.

அதற்கும் கெடு வைத்தார்கள். விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் தந்த பாதுகாப்பு 2020 ஜனவரி 14ஓடு முடிந்தது. 2023 பிப்ரவரியில் குரோம் உலவி விண்டோஸ் 7ஐக் கைவிட்டது. விண்டோஸ் 10இன் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 சிப் வேண்டும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்திய பிராசசர் வேண்டும் என்கிறது. 2012 செட்டுக்கு அந்தக் கதவு திறக்காது. இரும்பு நன்றாக இருக்கிறது, மென்பொருள்காரன் மாட்டேன் என்கிறான்.

கடைசியில் வழி விட்டது லினக்ஸ். மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, லுபுன்டு மாதிரி எடை குறைந்தவை 4 ஜிபி ராமில் மூச்சு வாங்காமல் ஓடுகின்றன. எந்தப் பையன்கள் பாஸ் லினக்ஸை அழித்துத் தரச் சொன்னார்களோ, அவர்களில் சிலர் இப்போது குழந்தை குட்டியோடு வந்து, “அண்ணே, ஏதோ லினக்ஸுங்கறாங்களே, அதைப் போட்டுக் குடுங்க” என்கிறார்கள். யூடியூப் பார்க்க, தமிழில் தட்டச்சு செய்ய, பிள்ளைக்குப் பாடம் போட்டுக்காட்ட அது தாராளமாகப் போதும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி கொண்டுவந்திருக்கிறது. அங்கே விற்கும் ஸ்மார்ட்போனின் பேட்டரி 800 தடவை ஏற்றி இறக்கிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும். விற்பனை நின்று ஏழு வருஷம் வரை முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும். ஐந்து வருஷம் மென்பொருள் அப்டேட் தர வேண்டும். நம் ஊரில் நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு தளம் திறந்தது. நல்ல தொடக்கம், ஆனால் அது கம்பெனிகள் சேர்ந்து தகவல் வைக்கும் இடம். வருஷக் கணக்கு சொல்லிக் கட்டாயப்படுத்தும் சட்டம் அல்ல. ஐரோப்பாவில் ஏழு வருஷம் பாகம் தரவேண்டிய கம்பெனி, இங்கே ஏன் தரக்கூடாது என்று கேட்க ஆளில்லை.

தமிழக அரசு 2025–26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருஷத்தில் மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்தது. மறுபடி லட்சக்கணக்கில் ஒரே மாதிரி மெஷின் என்றால் மெக்கானிக்குகளுக்கு அது நல்ல சேதி. டெண்டர் எழுதும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: ராமையும் டிஸ்க்கையும் ஸ்லாட்டில் போடச் சொல்லுங்கள், பேட்டரியைப் பசை இல்லாமல் ஸ்க்ரூவில் பூட்டச் சொல்லுங்கள், ஏழு வருஷத்துக்கு உதிரி பாகம் தமிழ்நாட்டிலேயே கிடைக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். சொந்தக் காசில் வாங்குகிறவர்கள் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன்னால், பேட்டரி போனால் யார் மாற்றுவார்கள், எவ்வளவு ஆகும், அப்டேட் எந்த வருஷம் வரை வரும் என்று கடைக்காரரைக் கேளுங்கள். பதில் வராத பெட்டியை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.